பெயர் கேட்கும் பெட்டி

1

புது மடிக்கணினிக்கு நான் சால்வை போர்த்திவிட்டதை என் மகள் ஷாலினி இன்னும் தன் சிநேகிதிகளிடம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். சிரிக்கட்டும். இலங்கையில் வட்டகொடை ஸ்டேஷனுக்கு மேலே, பாதி நாள் பனிக்குள் கிடக்கும் தோட்டத்தில் பிறந்தவள் நான். மின்சாரத்தில் ஓடும் சாமான் எதைக் கண்டாலும் அதை மூடி வைக்க வேண்டும் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். எங்கள் பக்கம் ரேடியோ சூட்டினால் கெட்டுப்போனதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எல்லாம் ஈரத்தில்தான் போகும். அப்பா ரேடியோவுக்கு உறை தைத்துப் போட்டிருந்தார். மழை விடாமல் பிடித்துக்கொண்டால் அதை அடுப்பங்கரைப் பலகையில் ஏற்றி வைப்பார், கொஞ்சம் காயட்டும் என்று. டீவி வந்தபோது அதற்கும் பூப்போட்ட துணி ஒன்று வந்தது.

அந்தப் பழக்கம் முப்பது வருசம் கழித்து இங்கிலாந்தில் லெஸ்டரிலும் கையைவிட்டுப் போகவில்லை. "படமெல்லாம் ஏறிக்கிட்டு இருக்கு, மூடாதீங்கம்மா" என்று ஷாலினி சொல்லியிருந்தாள். சரி, மூடவில்லை. திறந்தபடியே வைத்து, மேலே என் கம்பளிச் சால்வையைக் கூடாரம் மாதிரி போட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். முதியோர் இல்லத்தில் வயதானவர்களைக் குளிப்பாட்டிச் சாப்பாடு ஊட்டுகிற வேலை. சாயங்காலம் வந்து கதவைத் திறந்தால் வீடெல்லாம் சூடேறிய கம்பளி வாடை. உள்ளே விசிறி கீச்சுக் குரலில் கத்திக்கொண்டிருந்தது. அடியைத் தொட்டேன், கையைச் சுட்டது.

ஷாலினி மாடியிலிருந்து இறங்கி வந்து சால்வையை எடுத்தாள். "அம்மா, அதுக்குக் குளிராது" என்றாள். "கீழ ஓட்டை இருக்கு பாருங்க. அது வழியா மூச்சு விடணும்."

"அப்ப ஏன் இப்படிக் கொதிக்குது?"

"முதல் கொஞ்ச நாள் அப்படித்தான். உள்ள போட்ட படத்தையெல்லாம் பாத்துப் பாத்து அடுக்குது."

நான் இல்லாத நேரத்தில் ஒரு பெட்டி எங்கள் வீட்டுப் படங்களைத் தனியாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தது என்பது எனக்கு என்னவோ செய்தது.

2

அதை ஆரம்பித்து வைத்த கதையையும் சொல்ல வேண்டும்.

முதலில் என்ன மொழி என்று கேட்டது. வரிசையில் தமிழும் இருந்தது. விடுவேனா. இந்த நாட்டில் இருபது வருசமாக எந்த ஆபீசுக்குப் போனாலும் நாக்கைச் சுருட்டிச் சுருட்டிப் பேசி அலுத்துப்போனவள், தமிழை அழுத்திவிட்டேன். அடுத்த நிமிசம் பக்கத்தில் இருந்த ஷாலினி தலையில் கை வைத்துக்கொண்டாள். "போச்சு. இப்ப எனக்கு ஒண்ணும் படிக்கத் தெரியாது."

அதற்குப் பிறகு நான் எழுத்துக் கூட்டிப் படிக்க, அவள் என்ன செய்வதென்று சொல்ல வேண்டியதாயிற்று.

"'ஒத்திசைவை இயக்கு' அப்படீன்னு போட்டிருக்கு."

"அப்படீன்னா என்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்? கம்ப்யூட்டர் படிக்கிறவ நீதானே."

"தமிழ் தெரிஞ்சவங்க நீங்கதானே."

இரண்டு பேரும் சேர்ந்தால்தான் ஒரு ஆள் தேறும் போலிருந்தது. வயிறு வலிக்கச் சிரித்தோம். சிரித்து முடிந்ததும் எனக்குத் துக்கமாகிவிட்டது. சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எட்டு வயது வரைக்கும் போனாள். பிறகு சனிக்கிழமை நீச்சல் வந்தது. நானும் இரட்டை வேலை செய்துகொண்டிருந்த நேரம், போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அடுத்து முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்டது. இந்தக் கேள்வியில் நான் என்றைக்கும் தப்பிக்கவில்லை. எங்களுக்கு ஏது கடைசிப் பெயர். அப்பா பெயர் ஒன்று, என் பெயர் ஒன்று. பாஸ்போர்ட்டில் பெரியசாமி சரோஜா என்று விழுந்துவிட்டதால், எது முன்னே எது பின்னே என்று ஒவ்வொரு ஆபீசும் தன் இஷ்டத்துக்கு எடுத்துக்கொள்கிறது. நானும் பாஸ்போர்ட்டைப் பார்த்தே அடித்தேன். மறுநாள் காலை தேத்தண்ணியோடு வந்து உட்கார்ந்தால் திரையில், "வணக்கம், பெரியசாமி" என்று நிற்கிறது.

அப்பா செத்தபோது எனக்குப் பதினெட்டு வயது. கொழும்பையே இரண்டு தடவைதான் பார்த்திருந்த மனிதர். முதல் நாள் மயிர்க்கூச்செறிந்தது. இரண்டாம் நாளும் கூப்பிட்டது. மூன்றாம் நாள், "அவர் இல்லீங்க, நான்தான்" என்று வாய்விட்டே சொன்னேன். மாற்றலாம் என்று ஷாலினி சொன்னாள். மாற்றத்தான் வேண்டும். ஆனாலும் அவரைக் கூப்பிட உலகத்தில் அது ஒன்றுதான் மிச்சம், அதனால் அப்படியே விட்டிருக்கிறேன்.

3

இந்தப் பெட்டியை நான் ஆசைப்பட்டு வாங்கவில்லை. பழையது ஒரு நாள் கண்ணை மூடியது, பிறகு திறக்கவில்லை. ஊர்ப் படங்களெல்லாம் அதற்குள்தான் இருந்தன. ஷாலினியின் சிநேகிதன் ஒருவன் அதைக் கழற்றி உள்ளேயிருந்ததை மீட்டுக் கொடுத்தான். அதைப் போட்டுப் பார்க்கப் புதிது வேண்டியிருந்தது. அவசரம் என் தம்பி மகேந்திரனால் வந்தது. அவன் தலவாக்கலையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். அம்மாவும் இப்போது அவனோடுதான்.

"அக்கா, வருசம் திரும்புது" என்றான் போனில்.

எனக்குப் புரிந்தது. கலா என் தங்கை, அவனுக்குச் சின்னக்கா. போன கார்த்திகை மழையில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த மேடு சரிந்தபோது கலா போய்விட்டாள். உடல் கிடைக்கவில்லை.

போய்விட்டாள் என்று இங்கே எழுதுகிறேன். அம்மா முன்னால் அந்தச் சொல்லைச் சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆளில்லை. கருமாதி செய்ய அம்மா விடவில்லை. விளக்கேற்ற விடவில்லை. மரணப் பதிவுக்கு ஒரு கையெழுத்துக் கேட்டு கிராம சேவகர் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார், நல்ல மனிதர், குடை இருந்தும் நனைந்துகொண்டு வந்தார். அம்மா தனக்குத் தெரிந்த கொஞ்சம் சிங்களத்தில், "துவ இன்னவா" என்று அவரை வாசலோடு அனுப்பிவிட்டாள். மகள் இருக்கிறாள் என்று அர்த்தம்.

"இந்தத் திவசத்தையாவது செய்யணும்க்கா" என்றான் தம்பி. "ஒரு நல்ல போட்டோ அனுப்புங்க. பெருசு பண்ணி வச்சு, ஒரு இலையப் போட்டு, பேரைச் சொல்லிக் கூப்புட்டுச் சோறு வைக்கணும். ஒரு வருசமா சின்னக்கா எங்க பசியோட நிக்குதோ தெரியல. அதுக்கும் ஒரு வழி வேணாமா?"

"அம்மா ஒத்துக்குவாங்களா?"

"அம்மா கையால மாலை போட்டாத்தான் செய்வேன். இல்லேன்னா வேணாம். நீங்கதான் மூத்தவங்க, நீங்க பேசுங்க."

பேசலாம். படத்துக்கு எங்கே போவது? கலாவைத் தனியாக நிறுத்திவைத்து யாரும் படம் எடுத்ததே கிடையாது. போனைத் தூக்கினாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள், இல்லாவிட்டால் யார் முதுகுக்குப் பின்னாலாவது ஒளிந்துகொள்வாள். "போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்க்கா" என்பாள். அவ்வளவு பத்திரமாக வைத்திருந்த ஆயுசு நாற்பதைக்கூடத் தொடவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்கு யார் மேல் என்று தெரியாத கோபம் வருகிறது.

4

மலைப்பக்கம் தெரியாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகிறவர்கள் பெரட்டுக் களத்தில் கூட வேண்டும். கணக்கப்பிள்ளை ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தால் அன்றைக்குப் பேர் விழும். எங்கள் பேச்சில் பேர் என்பது ஆளின் பெயர் மட்டுமில்லை, ஒரு நாள் வேலைக்கும் அதுதான் சொல். பிந்தி வந்தால் பேர் இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

கலாவுக்கும் விடியற்காலைக்கும் ஆகவே ஆகாது. அம்மா கொழுந்தெடுத்த காலத்தில் இருவரும் ஒரே டிவிஷனில் வேலை. அம்மா களத்தில் முதல் ஆளாக நிற்பாள். கலா குறுக்குப் பாதையில், தலைமயிரைக்கூட முடிந்துகொள்ளாமல், கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருப்பாள். கணக்கப்பிள்ளை அவள் முழுப்பெயரைச் சொல்லி, "கலைச்செல்வி" என்பார். அம்மா, "வந்துருச்சு" என்பாள். அவருக்கும் தெரியும். "ஒங்க வீட்டுல ஒரு வாய்க்கு ரெண்டு ஆளு போல" என்று கேலி செய்துகொண்டே பேர் போடுவார். வருசக்கணக்காக இப்படி நடந்தது. அம்மா ஓய்வு எடுத்த பிறகும் சில நாள் களத்துப் பக்கம் போய் நின்று குரல் கொடுத்துவிட்டு வருவாளாம். கலா சொல்லிச் சிரிப்பாள்.

மேடு சரிந்த அன்றைக்கு விடியும் நேரத்தில் அம்மா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். கலா வழக்கம்போல எழும்பவில்லை. மேடு இறங்கி லயத்தின் கடைசி மூன்று வீடுகளை மூடிவிட்டது. எங்கள் வீடு கடைசி வீடு.

ஆமிக்காரர்கள் வந்து, "ஒக்கொம இன்னவாத?" என்று கேட்டார்கள். எல்லாரும் இருக்கிறார்களா என்று. யாருக்குத் தெரியும்? பாதி சனம் தேயிலைக்குள் ஓடியிருந்தது. அடிபட்டவர்களை லொறியில் ஏற்றிவிட்டிருந்தார்கள். யாரைத் தேடுவது என்று தெரிய வேண்டுமே, ஆகவே கணக்கப்பிள்ளை இருந்தவர்களைப் பெரட்டுக் களத்தில் கூட்டிப் பெயர் கூப்பிட்டார். மழைக்குள் நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டார்.

"கலைச்செல்வி."

அம்மா, "வந்துருச்சு" என்றாள்.

அதனால் கலாவை யாரும் தேடவில்லை. பக்கத்து இரண்டு வீடுகளைத்தான் தோண்டினார்கள். ரோட்டில் மண் விழுந்து கிடந்ததால் தம்பி நடந்தே மத்தியானம் வந்து சேர்ந்து, "சின்னக்கா எங்க?" என்று கேட்ட பிறகுதான் விசயம் தெரிந்தது. அதற்குள் மேடு இன்னொரு தடவையும் இறங்கியிருந்தது. முதல் சரிவிலேயே உயிர் போயிருக்கும், அந்த அரை நாளில் ஒன்றும் ஆகியிருக்காது என்று ஆபீசர் ஒருவர் தம்பியிடம் சொன்னார். தம்பி அம்மாவிடம் சொன்னான். அம்மா கேட்டுக்கொள்ளவில்லை. அவள் சொன்னது வேறு.

"நான் பாத்தேன். கூட்டத்துல கடைசில, தலைல போர்வையப் போட்டுக்கிட்டு நின்னா. பாத்துட்டுத்தான் கொரல் குடுத்தேன்."

ஒரு வருசமாக அம்மா சொல்வது இதைத்தான். ஒரு சொல் மாறாது.

எனக்கு இங்கே செய்தி வந்தபோது வேலையிடத்தில், "மை சிஸ்டர் மிஸ்ஸிங்" என்று அழுதேன். கூட வேலை செய்யும் பெண் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, தங்கையை நினைத்து ஏங்குகிறாயா, வீடியோவில் கூப்பிட்டுப் பேசேன் என்றாள். அவள் மேல் தப்பில்லை, என் இங்கிலீஷ் அப்படி. விடுமுறைக்கு எழுதிப் போட்டால் ஈமச்சடங்கு என்றைக்கு என்று ஒரு கட்டம் இருந்தது. சடங்கு இல்லை, உடல் கிடைக்கவில்லை என்றேன். அப்படியென்றால் துக்க விடுமுறையில் சேராது, உங்கள் சொந்த விடுமுறையில்தான் போக வேண்டும் என்று ஆபீஸ் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். செத்தவள் கணக்கிலும் சேராமல், இருக்கிறவள் கணக்கிலும் சேராமல் கலா அங்கேயும் நின்றாள்.

5

மடிக்கணினிக்கு வருகிறேன்.

அது படங்களை அடுக்கிய விதம் இப்படி. ஒவ்வொரு முகத்தையும் வெட்டியெடுத்து ஒரு வட்டத்துக்குள் வைத்து, அந்த முகம் எந்தெந்தப் படத்தில் இருக்கிறது என்று சேர்த்து, கீழே 'பெயரைச் சேர்க்கவும்' என்று கேட்கும். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தேன். ஷாலினிக்குப் பெயர் போட்டேன், தம்பிக்குப் போட்டேன். அம்மா கண்ணாடி போட்டவள் ஒரு வட்டம், போடாதவள் ஒரு வட்டம். தோட்டத்து மாரியம்மன் சிலைக்கும் ஒரு வட்டம் வைத்துப் பெயர் கேட்டது. கன்னத்தில் போட்டுக்கொண்டு அதற்கும் பெயர் போட்டேன்.

இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கலா வந்தாள். கல்யாண வீட்டுப் படம் ஒன்றில், மாப்பிள்ளையின் தோளுக்குப் பின்னால் பாதி முகம். நான் அந்தப் படத்தை நூறு தடவை பார்த்திருப்பேன், அவள் அங்கே இருந்ததே எனக்குத் தெரியாது. பெட்டிக்குத் தெரிந்திருந்தது. மறுநாள் காலை பார்த்தால் அவள் வட்டத்தில் இன்னும் சில. திருவிழாக் கூட்டத்தில் திரும்பி நடக்கிறாள். ரயில் ஜன்னலில் யாரோ கை காட்ட, பின்னால் உட்கார்ந்து கொட்டாவி விடுகிறாள். ஒளிந்துகொண்டதாக அவள் நினைத்திருந்த இடத்திலிருந்தெல்லாம் அது அவளைப் பிடித்துக்கொண்டு வந்தது.

ஒவ்வொரு நாளும் எண்ணிக்கை கூடியது. எனக்கு அது ஒரு பைத்தியமாகவே பிடித்துக்கொண்டது. வேலைக்குப் போகும் முன் திறந்து பார்ப்பேன். விசிறி கீச்சிட்டால், அடி சுட்டால், உள்ளே தேடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அது சூடாக இருக்கும் நாளில் எனக்குச் சந்தோசம். ஆறிக் கிடந்தால் பயம், தேடுவதை நிறுத்திவிட்டதோ என்று. இதை யாரிடம் சொல்வது? ஷாலினியிடம் சொன்னால் டாக்டரிடம் கூட்டிப்போவாள்.

அவள் ஒரு நாள் என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தாள். "இது கலா ஆன்ட்டியா?" என்று கேட்டாள்.

"சித்தி. ஆன்ட்டி இல்ல. அம்மாவோட தங்கச்சி சித்தி."

"சித்தி" என்று திருப்பிச் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து, "ஏன் அவங்களுக்கு மட்டும் பேர் போடல?" என்றாள்.

எழுந்து போய்ச் சோறு வடித்தேன். அன்று இரவுக்குள் பெயர் போட்டுவிட்டேன். என் விரல்தான் போட்டது. 'கலா' என்று இரண்டெழுத்து.

6

திவசத்துக்கு ஒரு வாரம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை கலாவின் வட்டத்தைத் திறந்தேன். புதிதாக ஒரு படம் வந்திருந்தது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்து மண்டபம். தரையெல்லாம் பாய், துணி மூட்டை, படுத்துக் கிடக்கும் பிள்ளைகள். முன்னால் யாரோ சாப்பாட்டுப் பார்சல் கொடுக்கிறார்கள். பின்னால், தூண் பக்கத்தில், தலையில் சாம்பல் நிறப் போர்வையைப் போட்டுக்கொண்டு ஒரு பெண் பக்கவாட்டில் நிற்கிறாள். முகம் தெளிவாக இல்லை. ஆனால் அந்த மூக்கு, அந்தக் கீழுதடு, தலையைக் கொஞ்சம் சாய்த்து நிற்கிற விதம்.

அந்த மண்டபத்தில் சனம் படுத்தது மண்சரிவுக்குப் பிறகுதான். அதற்கு முன்னால் அங்கே ஒருவரும் படுத்ததில்லை. அங்கே உதவிக்கு வந்த பையன்கள் எடுத்த படங்களை, நான் இங்கே திரும்பி வந்த பிறகு, தம்பி ஒரு கட்டாக அனுப்பியிருந்தான். பார்க்கத் தைரியம் இல்லாமல் போட்டு வைத்திருந்தேன். அதற்குள்ளேயிருந்துதான் பெட்டி இதை எடுத்திருக்கிறது.

தலையில் போர்வையைப் போட்டுக்கொண்டு நின்றா என்று அம்மா சொன்னாளே.

படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். அம்மா பொய் சொல்லவில்லை. ஒரு வருசமாக நாங்கள் எல்லாரும் அம்மாவைப் பாவம், பித்துப் பிடித்தவள் என்று நடத்திவிட்டோம். கலா இருந்திருக்கிறாள். அடிபட்டுப் பேச்சு மறந்து எங்கேயாவது போயிருக்கிறாள். நுவரெலியா ஆஸ்பத்திரியில் கேட்டோமா? டயகம பக்கம் கேட்டோமா? சந்தோசம் என்று சொல்ல முடியாத, பயம் என்றும் சொல்ல முடியாத ஒன்று நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

தம்பிக்கு அனுப்பிவிட்டுப் போன் போட்டேன். அவன் எடுத்தவுடன், "அக்கா, என்னக்கா இதெல்லாம், அம்மாகிட்ட காட்டிராதீங்க" என்றான். பிறகு பெரிதாக்கிப் பார்த்திருக்கிறான் போல.

"அக்கா" என்றான். குரல் மாறியிருந்தது. "சின்னக்கா மாதிரியே இருக்குக்கா."

7

அம்மாவிடம் மறைக்க முடியவில்லை. அவன் முகத்தை வைத்தே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். வீடியோவில் நான் இருக்கும்போதே, "என்னத்தடா ஒளிக்கிற, குடு இங்க" என்று அவன் கையிலிருந்த மற்றப் போனை வாங்கினாள்.

என் பக்கம் ஷாலினி வந்து உட்கார்ந்தாள். பேச்சு முழுக்கப் புரிந்திருக்காது. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மா கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, போனை முகத்தோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு வருசமாக அவள் சொன்னதற்குச் சாட்சி கையில் இருந்தது.

"இது சரோஜா" என்றாள் அம்மா.

"இல்லம்மா, நல்லாப் பாருங்க" என்றான் தம்பி.

"நான் பெத்ததுக எனக்குத் தெரியாதாடா? இவ பிளேன்ல வந்து எறங்கி, மழையில தொப்பலா நனைஞ்சு வந்தா. அந்தப் போர்வைய வாங்கி இவ தலைல போத்திவிட்டதே நான்தானே."

அப்போதுதான் எனக்கு அந்த மண்டபம் ஞாபகம் வந்தது. ஐந்தாம் நாள் போய்ச் சேர்ந்தேன். என் துணிப்பெட்டி வழியில் எங்கோ மாட்டிக்கொண்டது. யாரோ கொடுத்த போர்வை. தூண் பக்கத்தில் நின்றேன். நம்மை நாம் பக்கவாட்டில் எங்கே பார்த்திருக்கிறோம்? எனக்கும் கலாவுக்கும் அவ்வளவு சாடை என்று எனக்கே தெரியாது. சின்ன வயசில் எல்லாரும் சொல்வார்கள், நாங்கள் இருவரும் ஒத்துக்கொண்டதில்லை.

அம்மா போனை மடியில் வைத்தாள். என்னைப் பார்த்தாள். "நீயுமாடி தேடுற?" என்றாள்.

"நீங்க பாத்தேன்னு சொன்னீங்களேம்மா."

பின்னால் தலவாக்கலை டவுனில் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. தம்பி எழுந்து ஜன்னலைச் சாத்தினான்.

"பாக்கல" என்றாள் அம்மா. "அன்னிக்கு எனக்கு ஒரு மொகமும் தெரியல. பேரு கூப்புட்டாங்க, வாய் தானா வந்துருச்சுன்னு சொல்லிருச்சு. எத்தன வருசப் பழக்கம். சொன்னப்பறம், ஐயோ சொல்லிட்டமேன்னு, பாத்தேன்னு சொன்னேன். சொல்லிச் சொல்லி எனக்கே பாத்த மாதிரி ஆயிருச்சு. இப்ப ஒனக்கும் தெரிய ஆரம்பிச்சிருச்சு."

"அம்மா, அந்த அரை நாள்ல ஒண்ணும் ஆயிருக்காதும்மா. ஆமிக்காரங்களே சொன்னாங்க."

"அது அவங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. சாகுற வரைக்கும் தெரியாது." சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு வருசத்தில் அம்மா கலாவுக்காக அழுது நான் பார்த்தது அப்போதுதான். தம்பி அவள் காலடியில் உட்கார்ந்துவிட்டான்.

ஷாலினி எழுந்து திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். "அம்மாயி" என்று பாட்டியைக் கூப்பிட்டாள். வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை அவளுக்கு. அம்மா அவளைப் பார்த்துத் தலையை ஆட்டினாள்.

பிறகு என்னிடம் கேட்டாள். "நல்லதா ஒரு போட்டோ இருக்கா?"

"முழு மொகம் ஒண்ணும் இல்லம்மா. பொங்கலுக்கு எடுத்தது ஒண்ணு இருக்கு. ஜன்னல்கிட்ட, அரை மொகம்."

"சிரிக்கிறாளா?"

"கையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்குது."

"அதையே அனுப்பு. டேய், வெள்ளிக்கெழமைக்கு மாலைக்குச் சொல்லிரு. சாமந்தி வேணாம், அவளுக்குப் புடிக்காது."

தம்பி சரியென்றான். நான் அழைப்பை நிறுத்தப் போனேன். அம்மா கையை நீட்டி நில் என்றாள்.

"அந்தப் பொட்டியில கலா பேருல ஒன் படத்தப் போட்டிருக்குன்னு தம்பி சொன்னான். எடுத்துரு."

"எடுக்கிறேம்மா."

"இப்பவே எடு. வராதவளுக்குப் பேர் போடக் கூடாது."

அம்மா பார்த்துக்கொண்டிருக்க, ஷாலினி எங்கே அழுத்த வேண்டும் என்று காட்ட, நான் அந்தப் படத்தைக் கலாவின் வட்டத்திலிருந்து எடுத்தேன். எண்ணிக்கை ஒன்று குறைந்தது. அதற்குப் பிறகு அந்த எண் ஏறவே இல்லை.